கல்முனைக்கு ஒரு டீசல் எஞ்சின்

மட்டக்களப்புப் புகையிரத நிலையத்தோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து தெற்கே கல்முனை ஏறத்தாழ 40 கிலோமீட்டர். கொழும்புக்குக் கோச்சியில் போக விரும்புகிறவர் முதலில் பஸ் ஏறித்தான் ஆக வேண்டும். பாதையைக் கல்முனை வழியாகப் பொத்துவில் வரை நீட்டுங்கள் என்ற கோரிக்கை தேர்தல் காலங்களில் தலைகாட்டுவதும் பிறகு மறைவதுமாக இருக்கிறது. அது வரும்போது வரட்டும். அதற்கு முன்பே இந்தக் கரைக்கு ஒரு டீசல் எஞ்சினைக் கொண்டுவர முடியும். ஏறத்தாழ ஒரு சாண் நீளம். உறுப்பு உறுப்பாக வெட்டி, உரசி, ஒட்டி, வர்ணம் பூசி மாணவர்களே செய்து முடிக்கும் மொடல். மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள பாடசாலைகள் இந்த வேலையைத் தொழினுட்பப் பாடங்களின் ஒரு பகுதியாக எடுத்துக்கொள்ள வேண்டும். விளையாட்டுச் சாமானைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவரச் சொல்கிறாரே என்று சிலருக்குச் சிரிப்பு வரலாம். நம் பிள்ளைகளின் கல்வியில் இன்று இருக்கும் பெரிய ஓட்டையை அடைக்க இதைவிட மலிவான வழி இருந்தால் அவர்கள் சொல்லட்டும்.

கைவேலைக்குப் பேர்போன கரை இது. மருதமுனைக் கைத்தறியை அறியாதவர் நாட்டில் குறைவு. ஓடாவிகள், மேசன்மார், பைபர் படகு வார்ப்பவர்கள், வாகனங்களுக்கு டிங்கரிங் செய்து பெயின்ட் அடிப்பவர்கள் என்று ஊருக்கு ஊர் தேர்ந்த கைகள் உண்டு. ஆனால் அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர்களின் பிள்ளைகள் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை முதல் உயர்தரம் வரை பேனாவைத் தவிர வேறு ஆயுதம் பிடிக்காமலே வளர்கிறார்கள். தகப்பன் தறியில் இழை எண்ணிய நேரத்தில் மகன் ரியூஷன் வகுப்பில் கடந்தகால வினாத்தாள் எண்ணுகிறான். அவனைப் பொறியியல் பீடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதுதான் தகப்பனின் ஆசை. ஒரு திருகாணியைக்கூடக் கழற்றிப் பூட்டாதவனைப் பொறியியலாளராக்க நினைக்கிறோம். 2013 இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்டபோது இந்த முரண் தீரும் என்ற நம்பிக்கை இருந்தது. ஆனால் ஊர்ப் பேச்சில் அது விஞ்ஞானப் பிரிவுக்குப் போக முடியாதவர்களின் ஒதுங்கிடமாகவே இன்னும் இருக்கிறது. செய்முறை என்ற பெயரில் கண்காட்சிக்கு முதல் நாள் இரவு ரெஜிபோம் வெட்டி ஒட்டுகிறோம். பாதியை உம்மாவும் மீதியைக் கடைக்காரரும் செய்து கொடுக்கிறார்கள். மறுவாரம் அது குப்பைக்குப் போகிறது.

பெட்டியில் வரும் மொடல் உறுப்புத் தொகுதி வேறு வகையானது. இதற்கு நெடிய வரலாறு உண்டு. பொம்மை செய்துவந்த ரோஸ்பட் என்ற பிரித்தானிய நிறுவனம் 1959 இல் கிட்மாஸ்டர் என்ற பெயரில் புகையிரத மொடல்களைப் பிளாஸ்டிக் உறுப்புகளாக விற்கத் தொடங்கியது. நீராவி எஞ்சின்களோடு டெல்டிக் என்ற டீசல் எஞ்சினும் அந்த வரிசையில் இருந்தது. சில வருடங்களிலேயே அந்த அச்சுகள் ஏர்பிக்ஸுக்குக் கைமாறின. பின்னர் டாப்பல் நிறுவனத்துக்குப் போய், அவற்றில் சில இன்றும் வார்க்கப்படுகின்றன. பிளாஸ்டிக்கைத் தவிர, அமிலத்தில் அரித்தெடுத்த பித்தளைத் தகடு, ரெசின் வார்ப்பு, முப்பரிமாண அச்சு என்று இப்போது வகைகள் பெருகிவிட்டன. பொருள் எதுவானாலும் வேலையின் ஒழுங்கு ஒன்றுதான். வரைபடத்தை வாசிக்க வேண்டும். எதை முதலில் ஒட்டினால் எதை ஒட்ட முடியாமல் போகும் என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் பிசகினால் அந்தப் பிசகு கடைசி உறுப்பில் வந்து நிற்கும். பரீட்சைத் தாளில் தவறான விடைக்கு மதிப்பெண்தான் குறையும். இங்கே கூரை பொருந்தாது. ஆசிரியர் வந்து சொல்லத் தேவையில்லை.

அளவுத் திட்டம் என்ற பாடத்தை எடுத்துக்கொள்வோம். இலங்கையின் அகலப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடையிலான தூரம் 1676 மில்லிமீட்டர். பிரித்தானிய மொடல்காரர்கள் அதிகம் பயன்படுத்தும் அளவு, உண்மையில் 76 பங்கில் ஒன்று. அந்த அளவில் நம் பாதை 22 மில்லிமீட்டர் அகலம் வர வேண்டும். ஆனால் கடையில் அந்த அளவுக்கென்று விற்கும் தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர்தான். அது பிரித்தானியாவின் சொந்தப் பாதைக்கே சரியான அளவு அல்ல. பழைய சமரசமொன்று வழக்கமாகிவிட்டது. நமக்கோ அது கால் பங்கு ஒடுக்கம். வாங்கிய சில்லுகளை அப்படியே பூட்டினால் இலங்கை எஞ்சின் ஒடுங்கிய காலில் நிற்கும். அச்சை நீட்டினால் போகியை, அதாவது சில்லுகளும் அச்சுகளும் பூட்டிய அடிச்சட்டத்தை, மாற்ற வேண்டும். போகியை மாற்றினால் பக்கச் சட்டங்களை மாற்ற வேண்டும். விகிதசமன் என்று கணிதப் புத்தகத்தில் படித்தது கையில் வந்து உட்காரும் இடம் இது. எதை விட்டுக்கொடுப்பது, எதை விடாமல் பிடிப்பது என்று தீர்மானிப்பதும் பொறியியலில் ஒரு பங்கு.

சரி, ஏன் டீசல் எஞ்சின்? நீராவி எஞ்சின் அழகானது; அதில் சந்தேகமில்லை. அதன் தண்டுகளும் சில்லுகளும் வெளியே தெரிவதால் பார்த்தவுடன் புரிந்துவிடும். டீசல் எஞ்சின் எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் மறைத்துக்கொள்கிறது, ஆகவே மாணவன் கேள்வி கேட்டே ஆக வேண்டும். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா நமக்குக் கொடுத்த எம்2 வகை எஞ்சின்களை உதாரணமாக எடுக்கலாம். ஜெனரல் மோட்டர்ஸின் கனடாத் தொழிற்சாலையில் செய்யப்பட்ட ஜி12 வடிவம். 1954 முதல் கட்டம் கட்டமாக மொத்தம் 14 வந்தன. பெரும்பாலானவற்றுக்குக் கனடாவின் மாகாணப் பெயர்கள். புகையிரத சேவையை நீராவியிலிருந்து டீசலுக்குத் திருப்பியவராக நினைவுகூரப்படும் பி. டி. ரம்பலவின் காலத்தில் இவை தொலைதூர வண்டிகளின் முதுகெலும்பாக இருந்தன. உள்ளே 12 சிலிண்டர் டீசல் எஞ்சின். ஏறத்தாழ 1,425 குதிரைவலு. அந்த எஞ்சின் சில்லை நேரடியாகச் சுற்றுவதில்லை. அது மின்பிறப்பாக்கியைச் சுற்றுகிறது, அந்த மின்சாரம் அச்சுகளில் பூட்டிய மோட்டார்களுக்குப் போகிறது. கல்முனையில் ஒவ்வொரு கடைவாசலிலும் மின்வெட்டு நேரத்தில் உறுமும் ஜெனரேட்டருக்குக் கீழே மோட்டாரும் சில்லும் பூட்டினால் டீசல் எஞ்சினின் சாரம் கிடைத்துவிடும். சாதாரண தர விஞ்ஞானத்தில் சக்தி மாற்றம் என்று மூன்று வரியில் மனனம் செய்யப்படும் விடயம்தான்.

அந்த எம்2 வகையின் ஆரம்ப எஞ்சின்களில் ஒவ்வொரு போகியிலும் மூன்று அச்சுகள். ஆனால் நடு அச்சுக்கு மோட்டார் கிடையாது. மொடல் செய்கிறவன் ஆறு அச்சுக்கும் ஒரே மாதிரி உறுப்புகளைத் தேடி, நான்குக்கு மட்டும் கிடைக்கும்போது உறுப்பு குறைகிறதோ என்று பதறுவான். பிறகு விளங்கும்: நடு அச்சு பாரத்தைப் பகிரத்தான் இருக்கிறது. மெல்லிய தண்டவாளமும் பழைய பாலங்களும் உள்ள பாதையில் கனமான எஞ்சினை ஓட்ட வேண்டுமானால் எடையைக் கூடுதல் அச்சுகளில் பரப்ப வேண்டும். மோட்டார் பூட்டினால் செலவும் எடையும் கூடும், ஆகவே வெறும் அச்சு. இதை வகுப்பில் சொல்லிக்கொடுத்தால் ஒரு காதில் நுழைந்து மறு காதால் போகும். கையில் உறுப்பை வைத்துக்கொண்டு குழம்பியவனுக்கு மறக்காது.

ஒட்டுவதோடு பாதி வேலைதான் முடிகிறது. வர்ணம் பூசுவதில்தான் பொறுமை சோதிக்கப்படுகிறது. வார்ப்பு அச்சிலிருந்து உறுப்பு எளிதாகக் கழன்று வரப் பூசும் எண்ணெய்ப் பசை பிளாஸ்டிக்கில் ஒட்டியிருக்கும். சவர்க்காரத் தண்ணீரில் கழுவாவிட்டால் வர்ணம் பின்னர் தோல் உரிவதுபோல் உரிந்து வரும். அதன்மேல் சாம்பல் பிரைமர். பிரைமர் அடித்தவுடன், அதுவரை கண்ணுக்குத் தப்பிய ஒவ்வொரு கீறலும் பசைத் துளியும் எழுந்து நிற்கும். மீண்டும் சேன்ட் பேப்பர், மீண்டும் பிரைமர். வெளிர் நிறத்தை முதலில் பூசி, மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் அடர் நிறம் பூச வேண்டும். மாற்றிச் செய்தால் நீலத்தின்மேல் மஞ்சள் நிற்காது. நிற்க வைக்கத் தடிப்பாகப் பூசினால் ஆணித் தலைகளும் காற்றுச் சல்லடைகளும் வர்ணத்துக்குள் புதைந்துபோகும். மெல்லிய பூச்சாகப் பல தடவை பூசி, ஒவ்வொன்றும் காயும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். நம் கரையில் இதற்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மாரி மழைக் காலத்து ஈரத்தில் சில வகைப் பெயின்ட்டுகள் வெளுத்துப் பால் படிந்ததுபோல் ஆகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் விசிறும் துளி மேற்பரப்பைத் தொடுமுன்னரே காய்ந்து, சொரசொரப்பாக விழும். காற்றையும் ஈரத்தையும் பார்த்து, பெயின்ட்டின் பதத்தையும் நேரத்தையும் மாற்றத் தெரிய வேண்டும். இதைச் சொல்லித்தர வெளிநாட்டு வீடியோ தேவையில்லை. பிரதான வீதியோரத்துக் கராஜில் கொம்ப்ரசரோடு நிற்கும் பெயின்ட் பாஸுக்கு இது அத்தனையும் தெரியும். அவரைப் பாடசாலைக்கு அழைத்து, ஆசிரியருக்குரிய மரியாதையோடு மேசையருகே நிறுத்துவதே பெரிய பாடம். துரு தீட்டுவதில் மட்டும் நம் பிள்ளைகளுக்குப் பயிற்சி அவசியப்படாது என்று நினைக்கிறேன். உப்புக்காற்றுக் கரையில் தகரமும் சைக்கிளும் எந்த இடத்தில் எந்த நிறத்தில் துருப்பிடிக்கும் என்று பார்த்தே வளர்ந்தவர்கள்.

இங்கே ஒரு எஞ்சினைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். எம்2 வகையில் 591 ஆம் இலக்கம், பெயர் மனிடோபா. 2004 டிசம்பர் 26 காலை, கொழும்பிலிருந்து தெற்குக் கரையோரமாகச் சென்ற புகையிரதத்தை இழுத்தது இதுதான். பேரலியவில் சுனாமி அந்த வண்டியைப் புரட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உலகப் புகையிரத வரலாற்றில் அதைவிடக் கொடிய விபத்து பதிவாகவில்லை. அதற்குச் சற்று முன்னர்தான் அதே கடல் நம் கரையை அடித்திருந்தது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை வீடுகளுக்கு அந்தக் காலையை யாரும் விளக்க வேண்டியதில்லை. இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். சிதைந்த 591 திருத்தப்பட்டு மீண்டும் பாதைக்கு வந்தது. நினைவாக அதன் உடலில் ஓர் அலை வரையப்பட்டது. இந்த எஞ்சினை மொடலாகச் செய்ய உட்காரும் மாணவர் குழு முதலில் தீர்மானிக்க வேண்டியது: எந்தக் காலத்து 591? கனடாவிலிருந்து வந்திறங்கிய 1950களின் எஞ்சினா, 2004 டிசம்பருக்கு முந்தியதா, அலை வரைந்த பிறகானதா? நிறம், எழுத்து, இலக்கத்தின் இடம், விளக்கு எல்லாமே அந்தத் தெரிவைப் பொறுத்தவை. பழைய படங்களைத் தேட வேண்டும், ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும், எதை நம்புவது என்று வாதிட வேண்டும். வரலாற்றுப் பாடத்தில் மூலாதாரங்கள் என்ற தலைப்பில் வருவது இதுதான். சுனாமிக்குப் பின் பிறந்த தலைமுறை இப்போது உயர்தர வகுப்பில் இருக்கிறது; அவர்களுக்கு டிசம்பர் 26 ஒரு நினைவுக் கூட்டமும் இரண்டு நிமிட மௌனமும்தான். அலையின் வளைவை அளந்து தூரிகையால் இழுக்கும் மாணவி அந்த நாளைப் பற்றி வீட்டில் கேட்காமல் இருக்கமாட்டாள்.

எதிர்வாதங்களுக்கு வருவோம். முதலாவது எல்லோரும் சொல்வது: பரீட்சைக்கு நேரமில்லை, பிள்ளை டொக்டராக வேண்டும். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் சத்திரசிகிச்சைக் கல்விப் பேராசிரியராக இருந்த ரோஜர் நீபோன் 2018 இல் வெளிப்படையாக எச்சரித்தார்: உயர்ந்த பெறுபேறுகளோடு வரும் மாணவர்கள் வெட்டவும் தைக்கவும் கை வராமல் தடுமாறுகிறார்கள், பாடசாலையிலும் வீட்டிலும் கைவேலை அருகிப்போனதே காரணம். இரசாயனவியலுக்காக 1996 இல் நோபல் பரிசு பெற்ற ஹரி குரோட்டோவும் தன் விஞ்ஞானத்தின் வேரைச் சிறுவயது மெக்கானோவில் கண்டவர். திருகாணியையும் நட்டையும் பொருத்தும் அந்த விளையாட்டு மறைந்துபோனதற்காக வருந்தியவர். தனி மனிதர்களின் கருத்தை நிரூபணமாக எடுத்துக்கொள்ளக் கூடாதுதான். ஆனால் மருத்துவத்தையும் விஞ்ஞானத்தையும் காட்டித்தானே கைவேலையை ஒதுக்குகிறோம். அந்தத் துறைகளின் உச்சியில் இருப்பவர்களே மாறாகச் சொல்லும்போது, ரியூஷன் விளம்பரப் பலகையை விட அவர்களுக்குக் கூடுதலாகக் காது கொடுப்பதில் தவறில்லை.

இரண்டாவது வாதம் வலுவானது. காலம் கணினிக்கும் ரொபோவுக்கும் போய்விட்டது, பிளாஸ்டிக் ஒட்டுவதை விட்டு நிரலாக்கம் கற்றுக்கொடுங்கள் என்பார்கள். அமெரிக்காவின் எம்ஐடியில் 1946 இல் தொடங்கிய மொடல் புகையிரதக் கழகம் இதற்கு நல்ல விடை. தண்டவாள மேசையின் சமிக்ஞைகளையும் மின்சாரத்தையும் கட்டுப்படுத்தத் தொலைபேசிச் சுவிட்சுகளோடு மல்லுக்கட்டிய மாணவர்கள்தான் அங்கிருந்த ஆரம்பகாலக் கணினிகளை இரவிரவாகக் கைப்பற்றினார்கள். கணினி வரலாற்றில் ஹேக்கர் பண்பாடு முளைத்த இடமாக அந்தக் கழகத்தைச் சொல்கிறார்கள். 1962 இல் ஸ்பேஸ்வோர் என்ற கணினி விளையாட்டை எழுதிய ஸ்டீவ் ரஸலும் அதன் உறுப்பினர். நியாயமாகப் பேசினால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: கணினிப் பக்கம் போனவர்கள் பெரும்பாலும் மேசைக்குக் கீழே வயரோடு கிடந்த கூட்டம், மேலே வண்டிகளுக்கு வர்ணம் பூசியவர்கள் வேறு கூட்டம். இருந்தாலும் மேலே ஓட எஞ்சின் இல்லாவிட்டால் கீழே கட்டுப்படுத்த என்ன இருந்திருக்கும்? ரொபோத் தொகுதி வாங்கும் பாடசாலைக்கும் இதைத்தான் சொல்ல வேண்டும். மொடல் எஞ்சினுக்குள் ஒரு சிறு மோட்டாரும் கட்டுப்பாட்டுச் சிப்பும் வைத்தால் நிரலாக்கப் பாடமும் அங்கேயே வந்துவிடும்.

மூன்றாவது செலவு. இறக்குமதிப் பெட்டிகள் மலிவானவை அல்ல என்பது உண்மை. ரூபாய் விழுந்ததற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே தேவையில்லை. அதனால் தனி மாணவனுக்கு ஒரு பெட்டி என்று யாரும் கேட்கக் கூடாது. எட்டுப் பேர் கொண்ட குழுவுக்கு ஒன்று, அதுவும் முதல் வருடம் மட்டும் போதும். உறுப்புகள் எப்படிப் பிரிக்கப்படுகின்றன, எப்படி ஒன்றுக்குள் ஒன்று பொருந்துகின்றன என்ற தர்க்கம் ஒருமுறை பிடிபட்டுவிட்டால், அடுத்ததை நாமே வரைந்து வெட்டலாம். மெல்லிய பிளாஸ்டிக் தகடு, தடித்த மட்டை, கைப்பிடிக் கம்பிக்குப் பழைய தொலைபேசி வயரின் செம்பு, படகுக்கு வார்க்கும் அதே ரெசின். எம்2 போன்ற எஞ்சினின் உடல் பெரும்பாலும் நேர்கோடுகளும் தட்டையான பக்கங்களும்தான். வளைவுகள் நிறைந்த நீராவிக் கொதிகலனைவிட ஆரம்பக் கைகளுக்கு இலகு. நடைபாதையின் கைப்பிடிக் கம்பிகள்தான் கொஞ்சம் உயிரை வாங்கும்.

ஊரில் இல்லாத கோச்சியைச் செய்வதில் என்ன பயன் என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. ஆகாய விமான மொடல் செய்கிறவன் வீட்டு முற்றத்தில் விமானம் இறங்குவதில்லை. இன்னொன்றும் உண்டு. உருவங்கள் பற்றிய மார்க்க உணர்வால் நம் பாடசாலைகளில் சிற்பம் பக்கம் போகத் தயங்கும் பெற்றோர் இருக்கிறார்கள். அந்தத் தயக்கத்தை மதித்தபடியே முப்பரிமாணக் கலையில் பிள்ளைகள் முழுமூச்சாக இறங்க இயந்திர மொடல் ஒரு திறந்த வாசல். பெண்பிள்ளைகளுக்கு இது ஏன் என்று கேட்பவர்கள் மருதமுனைத் தறிகளில் எத்தனை பெண் கைகள் இழை பார்க்கின்றன என்று எட்டிப் பார்க்கட்டும்.

ஆகவே கோரிக்கைகள் மூன்றே. கல்முனை வலயக் கல்வி அலுவலகம், விருப்பமுள்ள சில பாடசாலைகளில் வடிவமைப்பும் இயந்திரத் தொழினுட்பவியலும் கற்பிக்கும் ஆசிரியர்களை வைத்து ஒரு வருடம் இதைச் சோதித்துப் பார்க்கட்டும். ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம், புகையிரதத் திணைக்களத்தின் அனுமதியோடு ஒரு எம்2 எஞ்சினை அளந்து, 76 இல் ஒன்று அளவில் வரைபடம் தயாரித்து, தமிழிலும் சிங்களத்திலும் எந்தப் பாடசாலையும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிடட்டும். இறுதியாண்டு மாணவர் குழுவொன்றுக்கு ஏற்ற வேலை அது. கடுகண்ணாவையில் 2014 இல் திறக்கப்பட்ட தேசிய புகையிரத அருங்காட்சியகத்துக்கு மாணவர்களைச் சுற்றுலாவாக அழைத்துச் செல்லும் பாடசாலைகள், செல்பிக்கு முன்னர் அளவு நாடாவைக் கையில் கொடுக்கட்டும். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும் வரை மாதக்கணக்கில் வீட்டில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோரே, இந்த முறை இன்னொரு ஆங்கில வகுப்பில் சேர்ப்பதற்கு முன் ஒரு உறுப்புப் பெட்டியும் இரண்டு தூரிகையும் வாங்கிக் கொடுத்துப் பாருங்கள்.